மழை யாகத்துக்கு ஒரு அபாயப் படிவம்

— அப்போ சபாரத்தினம் சார், நீங்க காரை எடுத்துக்கிட்டு ஹீத்ரோ வரைக்கும் வந்தது எனக்காக இல்ல, இந்த ஃபார்முக்காக.

— ரெண்டுக்கும்தான், ரங்கராஜன் தம்பி. பதினொரு மணித்தியாலம் பிளேனில இருந்து வாற மனுசனை ரயிலில ஏத்தி விடுறதோ? பெல்ற்றைப் போடுங்கோ. பேனை அந்தத் தட்டில கிடக்கு.

— பேனாகூட ரெடியா இருக்கே.

— மூண்டு பேனை இருக்கு. இந்த வெயிலுக்கு மை காய்ஞ்சு போனாலும் எண்டு.

— பதினாலு வருஷமா கோயிலுக்கு வரேன் சார். இதுவரைக்கும் பஸ் ஸ்டாப்ல இருந்துகூட என்னை யாரும் கூட்டிட்டுப் போனதில்ல. இன்னிக்கு என்னடான்னா தலைவரே டிரைவர். என் ஃப்ளைட் நம்பர் எப்படிக் கிடைச்சுது?

— சென்னைக்குக் கோல் எடுத்து உங்கட மனிசி சுலோச்சனாவைக் கேட்டனான். நல்ல பிள்ளை. ஒண்டும் துருவிக் கேக்கேல்லை.

— துருவிக் கேக்க என்ன இருக்கு?

— ஒண்டும் இல்லை. சும்மா சொன்னன். முந்தி நான் உங்களைச் சரியா விளங்கிக்கொள்ளேல்லை தம்பி. இப்பதான் விளங்குது. லண்டனில நெருப்புப் படிச்ச தமிழன் நீங்கள் ஒருத்தர்தான்.

— நெருப்பு இல்ல சார், காட்டுத்தீ அபாயம். டெக்னிகலா பாத்தா, காத்து எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, எரியறதுக்கு என்ன கிடக்கு, இது மூணையும் வச்சு எந்த இடம் எப்ப பத்திக்கும்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்றது என் வேலை.

— அதைத்தான் நானும் சொல்லுறன். எரிய முதலே சொல்லுற ஆள். உங்களை நாங்கள் பின்வரிசைக் கதிரையில இருத்தி வைச்சது பெரிய பிழை.

— கதிரைகூட கிடையாது. தூணுக்குப் பக்கத்துல நிப்பேன். போகட்டும் விடுங்க. சார், கார்ல ஏதோ புகை வாடை அடிக்குதோ?

— எங்க?

— இங்கதான். ஓ, என் சட்டையா இருக்கும். அஞ்சு நாள் கலிபோர்னியா பாலைவனத்துல ஃபீல்டு விசிட். பக்கத்து மலையே எரிஞ்சுக்கிட்டு இருந்துது.

— ஓம், உங்கட சட்டைதான். சொல்லக் கூச்சமாக் கிடந்தது.

— மன்னிச்சுக்குங்க. சார்ஜர் இருக்கா? வெள்ளிக்கிழமையில இருந்து சிக்னல் இல்ல, அப்புறம் போன்ல உயிரே இல்ல. கோயில் வாட்ஸப்பைத் திறந்து ஒரு வாரம் ஆச்சு.

— அதில என்ன கிடக்கு? குட்மோர்னிங் படமும் கும்பிடுற கையும். வயரை என்ர மகள் ஜதுர்ஷிகா கொண்டுபோயிட்டாள். நீங்கள் முதல் பக்கத்தைப் பாருங்கோ.

— பாக்கறேன். நிகழ்ச்சியின் பெயர், வருண யாகம். தன்மை, "வானிலையைச் சீர்செய்யும் வெளிப்புறக் கலாசார நிகழ்வு." இங்கிலீஷ்ல படிக்க ரொம்ப பயமா இருக்கு சார். யார் எழுதினது?

— ஜதுர்ஷிகாதான். பார்மசி படிச்சவள்.

— என்ன திடீர்னு யாகம்?

— திடீரெண்டோ? நாலு கிழமையா ஒரு துளி இல்லைத் தம்பி. கோயிலுக்குப் பின்னால கிடக்கிற புல்வெளி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, காய்ஞ்சு, தவிட்டு நிறமாப் போச்சுது. முப்பத்தெட்டு டிகிரி. காத்து அடிச்சா அடுப்பு வாயில நிண்ட மாதிரி. சனம் வெக்கைக்குப் பயந்து பூசைக்கு வருகுதில்லை. ஆர்ச்வே முருகனுக்கு மலை இருக்கு. மனோர் பார்க் முருகனுக்கு எலிசபெத் லைன் ரயில் இருக்கு. கார்ப்பெற் குடோனில குடியிருக்கிற எங்கட பிள்ளையாருக்கு என்ன இருக்கு, சொல்லுங்கோ. லண்டனில ஒருத்தரும் செய்யாத ஒண்டைச் செய்ய வேணும் எண்டு கொமிற்றி ஏகமனதா முடிவெடுத்தது.

— ஏகமனதான்னா?

— நான் முடிவெடுத்தன். மற்றவை ஏகமனதா இருந்தவை.

— சரி. இந்த ஃபார்ம் யாருக்குப் போகுது?

— பன்ரண்டு மணிக்கு ஆக்கள் வருகினம். கவுன்சிலில இருந்து ஒருத்தர், இன்சூரன்ஸில ஒருத்தர், பயர் பிரிகேட்டில ரெண்டு பேர். எல்லாரும் வாயைத் துறந்தா உந்தப் பேப்பர் எங்க எண்டுதான் கேக்கினம். தகுதியுள்ள ஒரு ஆள் அபாயத்தை அளந்து கையெழுத்து வைச்சிருக்க வேணுமாம்.

— ஒரு யாகத்துக்கு பயர் பிரிகேட்டே நேர்ல வந்து பாக்கறாங்களா? பிரமாதம் சார். இந்த மாதிரி முன்ஜாக்கிரதை கலிபோர்னியாவுலகூட இல்ல.

— ஓம், நல்ல ஆக்கள். கூப்பிட்டு ஏழு நிமிசத்தில வந்தவை.

— அங்க அந்தப் பாலைவனக் காத்து இறங்கினா சிவப்புக் கொடி எச்சரிக்கை விடுவாங்க. மலையில இருந்து இறங்க இறங்கக் காத்து சூடாகும், காஞ்சு போகும். அந்த நேரத்துல லாரிச் சங்கிலி ரோட்டுல உரசுற பொறி போதும். காத்து அதைத் தூக்கிட்டுப் போய் ஒரு மைல் தள்ளிப் போடும். டேட்டா என்ன சொல்லுதுன்னா, பத்துத் தீயில ஒம்பது மனுஷன் வச்சது. அதுல முக்கால்வாசி கெட்ட எண்ணத்துல வச்சது கிடையாது. ஒருத்தர் குப்பையை எரிச்சு இடத்தைச் சுத்தம் பண்ணியிருப்பாரு. ஒருத்தர் பேரன் பொறந்தநாளுக்கு வாணம் விட்டிருப்பாரு.

— நல்ல எண்ணத்துக்கு மார்க்ஸ் இல்லையோ?

— ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் கிடையாது சார்.

— வெள்ளைக்காரன் எப்பவும் ஒரு கட்டம் குறைச்சுத்தான் போடுவான்.

— இப்போ கேள்விக்கு வருவோம். யாக குண்டம் எங்க?

— கோயிலுக்குப் பின்னால. வேலிக்குப் பக்கத்தில.

— வேலிக்கு அந்தப் பக்கம்?

— புல்வெளி.

— எத்தனை மீட்டர்?

— எத்தினை மீற்றர் எண்டா நல்லது?

— முப்பது.

— கிட்டத்தட்ட அதில பத்தில ஒண்டு வரும்.

— மூணு மீட்டரா? சார், வேண்டாம். குண்டத்தை கார் பார்க்கிங்குக்கு மாத்துங்க.

— பார்க்கிங்கில ஆக்கள் கார் விட வேணுமே. அதோட ஈசான மூலை வேலிப் பக்கமாத்தான் வருகுது. திசையை நான் மாத்த ஏலுமோ?

— சரி, குண்டத்துக்கு மேல பந்தல் ஏதாவது?

— ஓலைப் பந்தல்.

— இந்த ஊர்ல ஓலையா?

— ஓலை இல்லை, ஓலை மாதிரி. சவுத்தாலில கலியாண அலங்காரக் கடையில வாங்கினது. பிளாஸ்ரிக். தொட்டுப் பாத்தாலும் தெரியாது.

— கடவுளே. ஜனங்க உக்கார?

— அது இளைஞர் அணியின்ர பொறுப்பு. பிளாஸ்ரிக் கதிரை பூமிக்குக் கூடாதெண்டு என்ர மகன் றஜீவன் ஒரு பண்ணையில போய் நாப்பது வைக்கோல் கட்டு எடுத்து வந்தவன்.

— வைக்கோல்? காய்ஞ்ச வைக்கோலா?

— ஈர வைக்கோலில ஆர் தம்பி பட்டு வேட்டியோட குந்துவினம்?

— அதாவது, கீழ வைக்கோல், மேல பிளாஸ்டிக், பக்கத்துல முழங்கால் உயரத்துக்கு காய்ஞ்ச புல். நடுவுல நெருப்பு. சார், இந்த மாதிரி ஒரு செட்டப்பை நான் லேப்ல டெஸ்டுக்குத்தான் போட்டிருக்கேன். நெய் எவ்வளவு?

— பதினைஞ்சு தகர ரின். பக்தர்கள் தந்தது. வேண்டாம் எண்டு சொன்னா மனம் நோகும்.

— காத்து?

— நாள் ஐயர் பாத்தது. பஞ்சாங்கத்தில காத்துப் போடுறேல்லை.

— இந்தக் கட்டத்துல தீப்பிடிக்கிற வாய்ப்புக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் ஒரு நம்பர் போடணும். பாதிப்புக்கு ஒரு நம்பர். ரெண்டையும் பெருக்கணும். நான் அஞ்சு, அஞ்சு போடறேன். இருபத்தஞ்சு.

— அது கூடாதோ?

— அதுதான் உச்சம். அதுக்கு மேல ஃபார்மே கிடையாது.

— ஒண்டு, ஒண்டு எண்டு போடுங்கோவன்.

— எப்படி சார் போட முடியும்?

— தம்பி, என்ர பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்தில ரீச்சர்மாரிட்ட நான் எத்தினை தரம் போய் நிண்டிருக்கிறன். இன்னும் ரெண்டு மார்க்ஸ் போடுங்கோ எண்டு. குறைச்சுப் போடச் சொல்லி ஒருத்தரிட்ட நிக்கிறது இதுதான் முதல் தரம். பாத்துச் செய்யுங்கோ.

— குறைக்கலாம். கட்டுப்பாட்டு நடவடிக்கைன்னு அடுத்த பத்தி இருக்கு. அதுல நான் எழுதறதையெல்லாம் நீங்க ஒத்துக்கிட்டா நம்பர் தானா இறங்கும். ஒண்ணு, குண்டத்தைச் சுத்தி முப்பது மீட்டர் புல்லை வெட்டணும்.

— ஓம், எழுதுங்கோ.

— ரெண்டு, பந்தல் கூடாது. மூணு, வைக்கோல் கூடாது. நாலு, காத்து மணிக்குப் பத்து மைலுக்கு மேல அடிச்சா யாகத்தை நிறுத்தணும்.

— எழுதுங்கோ எழுதுங்கோ. வடிவா எழுதுங்கோ.

— இவ்வளவு சுலபமா ஒத்துக்கறீங்களே. அஞ்சு, தண்ணி. வெளிய குழாய் இருக்கில்ல? ஹோஸ் பைப்பை மாட்டி ஒரு ஆளைப் பக்கத்துலயே நிக்க வைக்கணும்.

— பைப் தடை போட்டிருக்கு தம்பி. பூக்கண்டுக்கும் விட ஏலாது, காரும் கழுவ ஏலாது எண்டு கடிதமே வந்தது.

— அது தோட்டத்துக்கு சார். தீயை அணைக்கத் தாராளமா யூஸ் பண்ணலாம். அதுக்குத் தடையே கிடையாது.

— என்ன சொல்லுறியள்?

— தீப்பிடிச்சா பைப்பைத் திறக்கலாம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

— நிச்சயமாவோ?

— நிச்சயமா. ஏன் சார், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— ஒண்டுமில்லை. வெயில். எங்கட ஆக்கள் சட்டத்துக்குப் பயந்தவை தம்பி. பைப் கையில கிடந்தாலும், தடை எண்டா திறக்க மாட்டினம். இருபது பேர் வாளியோட கழிவறைக்கும் வெளியாலயும் ஓடுவினம், பைப்பில கை வைக்க மாட்டினம். இதை முதலே ஆரும் சொல்லியிருக்கலாம்.

— இப்ப நான் சொல்லிட்டேனே. எழுதிட்டேன். போன் அடிக்குது சார்.

— என்ர மனிசி. ஸ்பீக்கரில வரும். ஓம், பாலாம்பிகை, சொல்லு.

— இஞ்சேருங்கோ, அவர் வந்திட்டாரோ? விசயத்தைச் சொல்லிப்போட்டியளோ?

— ஸ்பீக்கரில நிக்கிறாய். தம்பி பக்கத்தில இருக்கிறார்.

— ஆ, தம்பி, பயணமெல்லாம் சுகமோ? சாப்பிட்டீங்களோ? இடியப்பம் அவிச்சு வைச்சிருக்கிறன். கோயிலுக்கு வாற ஆக்களுக்கும் சேத்துத்தான். காலமை தொடக்கம் சனம் வந்து பாத்து அழுதிட்டுப் போகுது.

— அழுதுட்டா? ஏன் அக்கா?

— பக்தி தம்பி. நாலு கிழமை மழை இல்லாட்டி சனத்துக்குப் பக்தி கூடும். பாலாம்பிகை, ஐயர் எப்பிடி?

— கஞ்சி குடுத்தனான். ஒரு வாய் குடிக்கேல்லை. சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். நானும் மூண்டு தரம் முழுகிப்போட்டன், தலைமயிரில இன்னும் மணக்குது.

— என்ன மணக்குது?

— சாம்பிராணி தம்பி. அவள் எப்பவும் கூடப் போடுவாள்.

— இஞ்சேருங்கோ, நான் ஒண்டு சொல்லுறன். அந்த மனுசனுக்கும் பிள்ளை குட்டி இருக்கு. உள்ளதைச் சொல்லிப்போட்டுக் கேளுங்கோ. அவர் ஓம் எண்டா ஓம். இல்லையெண்டா விடுங்கோ.

— சொல்லுவன். ஒழுங்குமுறையாச் சொல்லுறன். வை போனை.

— சார், அக்கா என்ன சொல்றாங்க? என்ன உள்ளது?

— நீங்கள் கையெழுத்து வைச்சா வாற பொறுப்பைச் சொல்லுறாள். அவளுக்கு உங்களில நல்ல இரக்கம்.

— அது சரிதான். நானும் அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்க. என் கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போகும். இருபது வருஷமா நான் சேத்து வச்சது ஒண்ணே ஒண்ணுதான் சார். ரங்கராஜன் கையெழுத்துப் போட்டா சரியா இருக்கும்ங்கிற பேரு.

— போடாட்டிக் கோயில் போகும் தம்பி.

— யாகம்தானே போகும்?

— இல்லை. கோயில். கட்டிடச் சொந்தக்காரன் விடமாட்டான். இன்சூரன்ஸ் கையைக் கழுவும். அதுக்குப் பிறகு லண்டனில எந்தக் குடோன்காரன் எங்களுக்கு இடம் தருவான்?

— ஒரு ஃபார்ம் இல்லேன்னா கோயிலையே மூடுவாங்களா என்ன?

— பேப்பரின்ர மதிப்பை நீங்கள் என்னைக் கேக்கிறியளோ? நான் இந்த நாட்டில இருக்கிறதே ஒரு பேப்பரால. அது வரும் வரைக்கும் ஏழு வருசம் ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பாத்துக்கொண்டு நிண்டனான். பேப்பர் இருந்தா நடந்தது. இல்லாட்டி நடக்கேல்லை. அவ்வளவுதான் இஞ்சத்தைய கணக்கு.

— புரியுது சார்.

— உங்களுக்குப் புரியாது தம்பி. குறை நினைக்காதேங்கோ. நைற் ஷிப்ட் முடிச்சுப்போட்டு வந்து, ஆறு மாதம் நிலத்தில ஒட்டிக்கிடந்த கார்ப்பெற் பசையைக் கத்தியால சுரண்டினனாங்கள். முழங்கால் ரெண்டும் அதோட போச்சுது. பத்தொன்பது வருசமாத் தலைவர். சனம் என்னைப் பதவி ஆசை பிடிச்சவன் எண்டுது. ஓம், பிடிச்சவன்தான். எனக்கு அதை விட வேற ஒண்டும் தெரியாது. அது இல்லாட்டி நான் ஆர்?

— சார், அழாதீங்க. ரோட்டைப் பாருங்க.

— நோர்த் சேர்க்குலரில ஒரு காரும் அசையுதில்லை, இதில றோட்டைப் பாத்தென்ன, பாக்காட்டி என்ன. தம்பி, உங்களுக்கு ஒண்டு சொல்லுறன். வாற தேர்த் திருவிழாவில முதல் காளாஞ்சி உங்களுக்கு.

— காளாஞ்சின்னா, நீங்க தட்டுல தேங்காயும் வெத்திலையும் வச்சுக் கூப்பிட்டுக் குடுப்பீங்களே, அதா? எங்க ஊர்ல முதல் மரியாதைன்னு சொல்வோம்.

— அதுதான். மைக்கில பேர் சொல்லி, மேளம் அடிச்சு. "டொக்டர் ரங்கராஜன் அவர்கள்" எண்டு.

— டாக்டர்னு சொல்வீங்களா?

— ரெண்டு தரம் சொல்லுவம்.

— இதுவரைக்கும் இந்தியாக்காரங்க யாருக்காவது குடுத்திருக்கீங்களா?

— மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு தூதரக அதிகாரிக்கு. அதுகும் நாலாவது.

— நான் அதுக்காகக் கையெழுத்துப் போடறேன்னு நினைக்காதீங்க. நான் எழுதின நிபந்தனை அஞ்சும் சரியான நிபந்தனை. அதை ஒருத்தர் ஒழுங்கா கடைப்பிடிச்சா ஒரு பொறிகூட வெளிய போகாது. அந்தத் தைரியத்துலதான் போடறேன்.

— அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லைத் தம்பி. நீங்கள் எழுதினது ஒவ்வொண்டும் சத்தியம். நான் கண்ணால கண்ட மாதிரி இருக்கு.

— கடைசியா ஒரு கேள்வி இருக்கு. "நிகழ்வு எதிர்பார்த்த பலனைத் தந்தால் ஏற்படக்கூடிய அபாயம்." அப்படின்னா, யாகம் பலிச்சு மழை கொட்டினா? வெள்ளம்னு போடவா?

— தண்ணி வரும் எண்டே போடுங்கோ. யாகம் செய்தா தண்ணி வாறது நிச்சயம். லொறி லொறியா வரும்.

— உங்க நம்பிக்கை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார். ஏன் இங்க நிறுத்திட்டீங்க? கோயில் அடுத்த திருப்பம்தானே?

— ஓடுற காரில கையெழுத்து வடிவா வராது. நிழலாக் கிடக்கு, ஆறுதலாப் போடுங்கோ. திரும்பினா ஆக்கள் நிப்பினம், பிறகு உங்களை இருக்க விடமாட்டினம்.

— காளாஞ்சிக்கு இப்பவே ரிகர்சலா?

— உங்களைப் பாக்கத்தான் தம்பி எல்லாரும் காத்துக்கொண்டு நிக்கினம். பேரைப் பெரிய எழுத்தில எழுதுங்கோ. பட்டத்தையும் போடுங்கோ. ஒண்டையும் விட வேண்டாம்.

— போட்டாச்சு. டாக்டர் எஸ். ரங்கராஜன். காட்டுத்தீ அபாய ஆலோசகர். கட்டுப்பாட்டுக்கு முன்னாடி அபாயம் இருபத்தஞ்சு, பின்னாடி ரெண்டு. இந்தாங்க கையெழுத்து. தேதிதான் பாக்கி. இன்னிக்குத் திங்கள் இல்ல? அமெரிக்கா போய்ட்டு வந்தா நாளே குழம்பிப் போகுது.

— இண்டைக்குத் திங்கள்தான் தம்பி, ஆனா நீங்கள் போன வெள்ளிக்கிழமையின்ர திகதியைப் போடுங்கோ. கோயில் எரிஞ்சது சனிக்கிழமை.